எத்தனை தடவை? – வலிப்பு அறுவையின் கணக்கேட்டில் விடுபட்ட வலி

1

'மூளைக்கு வலிக்காது தம்பி, பயப்படாதீங்க' என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். தலையை மழித்தாகிவிட்டது. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். பதினோரு வயதிலிருந்து ஒவ்வொரு வலிப்பின்போதும் என் கையில் திணித்த இரும்புச் சாவி அப்போதும் அவர் முந்தானை முடிச்சில் இருந்தது. டாக்டர் சொன்னது ஆறுதலுக்குத்தான் என்றாலும் பொய்யில்லை. மூளைத் திசுவுக்குள் வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. வெட்டினாலும் சுட்டாலும் அதற்குத் தெரியாது.

மூளைக்கு வலிக்காதுதான். தலை வலிக்கிறதே!

இது நடந்தது 2009இல். வலப்பக்கப் பொட்டுக்கு உட்புறம் இருக்கும் மடலின் (டெம்பொரல் லோப் என்பார்கள்) முன்பகுதியையும் அதற்குள் சுருண்டு கிடக்கும் ஹிப்போகாம்பஸையும் எடுத்தார்கள். அதன்பின் ஒரு தடவைகூட எனக்கு வலிப்பு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அறுவை சிகிச்சைக்கு எதிராக எழுதப்படும் கட்டுரை அல்ல இது. நடுரோட்டில் விழுந்து கிடந்தவன், தண்ணீர்த் தொட்டி அருகே தனியாக விடப்படாதவன், இன்று தனியாக பஸ் ஏறிப் போகிறேன். அது சின்ன விஷயமில்லை.

ஆனால் காதுக்கு முன்னால் தொடங்கி மேலே வளைந்து நெற்றி முடிவரை ஓடும் தழும்பு இருக்கிறது. வடிவம் கேள்விக்குறிதான், அறுவை மருத்துவர்களே அப்படித்தான் அழைக்கிறார்கள். அதன் அடியிலிருந்து வாரத்தில் நாலு நாள் வலி கிளம்பும். பொட்டில் பிடித்து மேல்தாடைக்கு இறங்கும். சீப்பு பட்டால் சுரீரென்கும். வலப்பக்கம் தலைசாய்த்துப் படுக்க முடியாது. முறுக்கு கடிக்க முடியாது. இடப்பக்கம் மேல்பாதிப் பார்வை கொஞ்சம் போய்விட்டது. தலையைத் திருப்பாமல் பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர் எனக்குக் கிடைக்காது. தெரிந்த முகங்கள் சில, பெயரில்லாமல் வந்து நிற்கின்றன.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓ.பி.யில் நடக்கும் உரையாடல் இது:

'என்ன தம்பி, ஃபிட்ஸ் வந்துச்சா?'
'இல்லைங்க டாக்டர்.'
'ஒரு தடவைகூட?'
'இல்லைங்க. ஆனா தலைவலிதான்...'
'வெரி குட். அதே மாத்திரையைக் கண்டின்யூ பண்ணுங்க.'

சீட்டில் அவர் எழுதுவது இரண்டே எழுத்து: 'எங்கல் I'. முதல் வகுப்பில் தேறியிருக்கிறேன். தலைவலி என்ற சொல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் விழுந்து அங்கேயே கிடக்கும்.

அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. வெளியே நூறுபேர் காத்திருக்கிறார்கள். கேள்வி அவருடையதும் அல்ல. அவருக்கு முன்பே உருவாகி, அவர் கையில் தரப்பட்ட கேள்வி. மருத்துவமனையின் பிறப்பு பற்றி 1963இல் எழுதிய மிஷேல் ஃபூக்கோ, நோயாளியை நோக்கிய கேள்வியே ஒரு காலகட்டத்தில் மாறியதைச் சுட்டிக்காட்டினார். உனக்கு என்ன செய்கிறது என்ற பழைய கேள்வி போய், எங்கே வலிக்கிறது என்ற கேள்வி வந்தது என்பது அவர் வாதம். நோய், ஆளின் கதையிலிருந்து உறுப்பின் இடத்துக்கு நகர்ந்தது. வலிப்பு அறுவையின் வரலாற்றில் இன்னும் ஒரு மாற்றத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இங்கே எங்கே வலிக்கிறது என்பதும் போய்விட்டது. எத்தனை தடவை என்பது மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

2

தமிழில் வலிப்பும் வலியும் ஒரே வேரில் கிளைத்தவை. வலித்தல் என்றால் இழுத்தல், துடுப்பு வலிக்கிறோம். 'இழுப்பு வந்துடுச்சு' என்று கிராமத்தில் சொல்வதும் அதே பொருளில்தான். உடலை இழுப்பது வலிப்பு. உடல் நோவது வலி. மொழி சேர்த்து வைத்த இந்த இரண்டையும் மருத்துவம் பிரித்தது. ஒன்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியும், எண்ணலாம். மற்றது அனுபவிக்கிறவர் சொன்னால்தான் உண்டு.

1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்ஸிக்கும் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் பாய்ச்சி, குறிப்பிட்ட இடத்தைத் தூண்டினால் குறிப்பிட்ட தசை அசைகிறது என்று காட்டினார்கள். நாலே வருடத்தில் அது மனிதரிடம் சோதிக்கப்பட்டது. 1874, அமெரிக்காவின் சின்சினாட்டி. மேரி ராஃபர்ட்டி ஒரு வீட்டு வேலைக்காரப் பெண். தலையில் வந்த புற்றுப்புண் மண்டையோட்டை அரித்து மூளை வெளியே தெரிந்தது. ராபர்ட்ஸ் பார்த்தலோ என்ற மருத்துவர் அதில் ஊசிமுனைகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். மூளைக்குள் ஊசி இறங்கியபோது வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்றார் மேரி. இதையெல்லாம் பார்த்தலோவே எழுதி வைத்திருக்கிறார். மின்சாரத்தைக் கூட்டியபோது மேரி துன்பப்பட்டு அழுததும், வலிப்பு கண்டதும், சில நாட்களில் இறந்ததும் அதே அறிக்கையில் உண்டு. கண்டனம் எழுந்தது, அவர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் கண்டுபிடிப்பு நிலைத்தது.

'மூளைக்கு வலிக்காது' என்ற அறிவு இப்படி ஒரு வேலைக்காரப் பெண்ணின் வாக்குமூலத்தின் மேலும் நிற்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரிடம் கேட்டார்கள். கேட்டு முடிந்ததும் அவர் பேச்சு தேவைப்படவில்லை.

12 வருடம் கழித்து லண்டன், குவீன் ஸ்கொயர். 1886 மே 25 அன்று விக்டர் ஹார்ஸ்லி ஓர் இளைஞரின் மண்டையைத் திறந்தார். 22 வயது ஸ்காட்லாந்துக்காரர். சிறுவனாக எடின்பரோவில் வண்டி மோதி மண்டை எலும்பு உள்வாங்கியதிலிருந்து வலிப்பு. வலிப்பு உடலில் எங்கே தொடங்கி எப்படிப் பரவுகிறது என்பதை வைத்து மூளையில் அதன் இடத்தைச் சொல்லலாம் என்று வாதிட்ட ஹியூலிங்ஸ் ஜாக்ஸனும், குரங்குகளிடம் மூளை வரைபடம் தயாரித்த டேவிட் ஃபெரியரும் அறுவையின்போது உடனிருந்தார்கள். எக்ஸ்ரேகூட இல்லாத காலம். ஜாக்ஸன் சொன்ன இடத்தில் தழும்பு இருந்தது. ஹார்ஸ்லி அதை அகற்றினார், வலிப்பு நின்றது. நவீன வலிப்பு அறுவையின் வரலாறுகள் பெரும்பாலும் இந்தக் காட்சியில்தான் தொடங்குகின்றன.

அந்த இளைஞரைப் பற்றி நமக்குத் தெரிந்த முக்கியமான இன்னொன்று ஓர் எண். அறுவைக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அவருக்கு வந்த வலிப்புகள் 2870. யாரோ கட்டிலருகே உட்கார்ந்து இரவுபகலாக எண்ணியிருக்கிறார்கள். அந்தக் கரிசனத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு துறையின் கணக்கேடு அங்கே திறந்தது. அறுவைக்கு முன் இத்தனை, பின் இத்தனை. நோயாளியின் பெயர் மருத்துவ இலக்கியத்தில் ஜேம்ஸ் பி. எண் முழுசாக இருக்கிறது, பெயர்தான் பாதி.

3

விந்தை என்னவென்றால், தலைவலி எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் இதே மாதிரி அறுவை மேசைகளில்தான்.

முதல் உலகப்போரில் தலையில் காயம்பட்டு வலிப்பு வந்த சிப்பாய்களை, தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்த நிலையிலேயே அறுத்தவர் ஜெர்மனியின் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர். 1928இல் அவரிடம் போய்க் கற்றவர் வைல்டர் பென்ஃபீல்ட். 1934இல் மான்ட்ரியலில் நரம்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது. விழித்திருக்கும் நோயாளியின் மூளையை இடம் இடமாகத் தூண்டி, 'இப்போது என்ன தெரிகிறது?' என்று கேட்டுக் கேட்டு அவர் வரைபடம் வரைந்தார். பாட்டு கேட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. பழைய நினைவு வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. மூளையின் உறைகளில் வலி எங்கே எழுகிறது என்பதையும் மான்ட்ரியலில் ஆராய்ந்தார்கள். 1940இல் நியூயார்க்கில் பிரான்சன் ரேயும் ஹெரால்ட் உல்ஃபும் தலைக்குள் எது எது வலிக்கும், எது வலிக்காது என்று பட்டியலிட்டார்கள். மூளைக்கு வலியில்லை. மண்டைத் தோலுக்கு உண்டு. அதன் தசைக்கு உண்டு. பெரிய ரத்தக்குழாய்களுக்கும், மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையின் பகுதிகளுக்கும் உண்டு.

இந்தப் பட்டியலை வைத்து ஓர் ஆபரேஷனை யோசித்துப் பாருங்கள். தோலை வெட்ட வேண்டும். அதில் ஓடும் சிறு நரம்புகள் அறுபடும். பொட்டுத் தசையைப் பிரித்து மடக்க வேண்டும். வாயை மெல்ல வைக்கும் தசை அது. எலும்பைப் பலகை மாதிரி எடுக்க வேண்டும், பின் பொருத்த வேண்டும். உறையைக் கிழித்துத் தைக்க வேண்டும். ஆறும்போது தழும்பு நரம்பைப் பிடிக்கலாம், உறை தசையோடு ஒட்டலாம். வலியில்லாத மூளைக்குப் போகிற வழியெல்லாம் வலிக்கிற இடம். இது 1940லிருந்து தெரியும். தெரிந்தும், அறுவைக்குப் பிறகு நீடிக்கும் தலைவலிக்குச் சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் தனிப்பெயர் கிடைத்தது 2004இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான். மண்டையைத் திறந்து ஏழு நாளுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தால் அது 'நீடித்த' தலைவலி. அறுபத்து நாலு வருட இடைவெளி.

பென்ஃபீல்டின் வாழ்விலேயே இதற்கு ஒரு மாற்று உதாரணம் உண்டு. அவருடைய அக்கா ரூத்துக்கு வலிப்பும் தலைவலியும். 1928 டிசம்பரில் தம்பியே அறுவை செய்தார். வலப்பக்க முன்மடலில் கட்டி, பெரும்பகுதியை வெட்டியெடுத்தார். ரூத் பிழைத்தார், வீடு திரும்பினார். சுமார் 15 மாதம் கழித்துத் தம்பி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். விருந்து சின்னதுதான்: தம்பியும், வீட்டில் நாலு பேரும். நாள் முழுக்க நேரம் இருந்தது. பரிமாற வேண்டிய நேரத்தில் போய்ப் பார்த்தால் அக்கா சமையலறையில் கலங்கி நிற்கிறார். பொருளெல்லாம் எடுத்து வைத்திருக்கிறது. ஒன்றிரண்டு அடுப்பில் இருக்கிறது. மற்றது எதுவும் ஆகவில்லை. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற ஒழுங்கு போய்விட்டிருந்தது. 1935இல் பென்ஃபீல்ட் சக மருத்துவரோடு எழுதிய முன்மடல் பற்றிய கட்டுரையில் இந்தச் சமையலறை பதிவாயிற்று. ரூத் 1931லேயே இறந்துவிட்டார்.

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான பக்கம் இது. ஒரு அறுவை மருத்துவர், அறுத்த மூளையின் விளைவைத் தேடி ஓ.பி.யில் அல்ல, சமையலறையில் போய் நின்றார். அறுக்கப்பட்டது அக்கா என்பதால் நின்றார். கணக்கேட்டில் இடமில்லாத ஓர் இழப்பு அதனால் கண்ணில்பட்டது. அதே சமயம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பெண்ணின் மூளை பழுதாயிற்று என்பதற்குச் சாட்சியாக விருந்து தயாராகாதது வந்து நிற்கிறது. அவர் வேலை என்று உலகம் ஒத்துக்கொண்டது எதுவோ, அதில் குறைந்தால்தான் அவர் இழப்பு தெரிகிறது. ஆறுதலும் அதிகாரமும் ஒரே பார்வையில் கலந்திருக்கின்றன.

4

அடுத்தவர் எச்.எம். ஐம்பது வருடத்துக்கு மேல் உளவியல் பாடநூல்களில் இந்த இரண்டெழுத்தாக மட்டும் வாழ்ந்தவர். ஹென்றி மொலைசன் என்ற முழுப்பெயர் 2008 டிசம்பர் 2 அன்று அவர் இறந்த பிறகுதான் வெளியுலகத்துக்குச் சொல்லப்பட்டது.

1953, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட். 27 வயது. மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு. வில்லியம் ஸ்கோவில் இரண்டு பக்கத்திலும் பொட்டு மடலின் உட்பகுதியை, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு சேர்த்து அகற்றினார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்றுமுன் பேசியவர் வெளியே போய்த் திரும்பி வந்தால் புது ஆள். ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் 1957இல் எழுதிய கட்டுரை நினைவாற்றல் ஆய்வின் அடித்தளமாயிற்று. இரண்டு பக்கமும் அறுப்பது கைவிடப்பட்டது. என் ஆபரேஷனுக்கு முன் மூன்று நாள் நினைவுச் சோதனைகள் வைத்தார்களே, அதற்குப் பின்னால் ஹென்றி இருக்கிறார். என் வலப்பக்கத்தை எடுத்தால் இடப்பக்கம் தாங்குமா என்று பார்த்தது அவர் கொடுத்த விலையால். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கடன் எனக்கு உண்டு.

ஆனால் கணக்கேட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை தடவை? முன்னைவிடக் குறைவு. அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டால் ஹென்றியின் அறுவை நல்ல பலன் தந்த அறுவை! எண்ணிக்கை மட்டும் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அவரைப் பற்றி அதிகம் பேசப்படாத ஓர் ஆய்வும் இருக்கிறது. 1985இல் வெளியானது. தோலில் சூட்டை ஏற்றிக்கொண்டே போனபோதும் அவர் அதை வலி என்று சொல்லவில்லை. பசியையும் அப்படித்தான், கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முறையிட ஆள் வேண்டும். முறையீட்டுக்கு நேற்று என்ற ஒன்றும் வேண்டும். 'நேத்திக்கும் வலிச்சுது, இன்னிக்கும் வலிக்குது' என்று சொல்ல முடிந்தால்தான் அது நோய். இல்லாவிட்டால் வெறும் கணம். அறுவை, சில சமயம், புகார் சொல்லும் உறுப்பையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. அது நல்ல பலன் மாதிரியே தெரியும்.

5

சீட்டில் எழுதப்படும் 'எங்கல்' என்பது ஓர் ஆளின் பெயர். லாஸ் ஏஞ்சல்ஸ் நரம்பியல் மருத்துவர் ஜெரோம் எங்கல். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வெற்றியைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த நிலையை மாற்ற, 1987இல் அவர் தொகுத்த நூலில் ஒரு பொது அளவுகோல் வந்தது, 1993இல் திருத்தப்பட்டது. நான்கு வகுப்பு. முதல் வகுப்பு, முடக்கும் வலிப்பு இல்லாதவர்கள். இரண்டாவது, அரிதாக வருகிறவர்கள். மூன்றாவது, குறிப்பிடத்தக்க முன்னேற்றம். நான்காவது, சொல்லும்படியான முன்னேற்றம் இல்லாதவர்கள். அளவுகோல் இல்லாமல் ஒப்பிட முடியாது, ஒப்பிடாமல் கற்க முடியாது. அதன் நியாயம் அது. ஆனால் 'முன்னேற்றம்' என்ற பொதுச்சொல் அங்கே வலிப்பின் முன்னேற்றமாகச் சுருங்கியது. தலைவலி, பார்வையிழப்பு, சொல் தடுமாற்றம், மனச்சோர்வு எல்லாம் 'சிக்கல்கள்' என்ற வேறு பட்டியலுக்குப் போயின. வெற்றி ஒரு ஏட்டில், விலை வேறொரு ஏட்டில். இரண்டையும் ஒரே ஆள் சுமக்கிறார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

மருத்துவத்துக்குள்ளேயே இதை உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. 1992இல் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே, வலிப்பு அறுவைக்கு வருகிறவர்களின் வாழ்க்கைத் தரத்தை அவர்கள் வாயாலேயே கேட்கும் வினாப்பட்டியல் ஒன்று வந்தது. உடல்வலி பற்றியும் அதில் கேள்வி உண்டு. அதே வருடம் மெல்போர்னில் பீட்டர் பிளாடின், வலிப்பு நின்றபின் சிலர் ஏன் குலைந்துபோகிறார்கள் என்று எழுதினார். 2001இல் அவரும் சக ஆய்வாளர்களும் அதை 'இயல்புநிலையின் சுமை' என்று விளக்கினார்கள். நோயாளி என்ற இடத்தில் வருடக்கணக்கில் வாழ்ந்தவர் திடீரென்று அந்த இடத்திலிருந்து எழுப்பப்படுகிறார். இனி வேலைக்குப் போகணும், கல்யாணம் பண்ணணும், இழந்த வருஷத்தையெல்லாம் ஈடுகட்டணும். 'அதான் சரியாயிடுச்சே, இனி என்ன?'

இந்த 'இனி என்ன' என்பதன் அடியில்தான் தலைவலி புதைகிறது. ஒருமுறை ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னார். அவருக்கும் என்னைப் போலவே அறுவை, என்னைப் போலவே தழும்பு. தலைமுடி மறைத்திருந்தது. 'மாமியார் வீட்ல தலைவலின்னு சொன்னா பழைய நோவு திரும்பிடுச்சான்னு பாப்பாங்கண்ணா. அதனால சொல்றதில்ல. மாத்திரையை முழுங்கிட்டு வேலையப் பாக்குறேன்.' தினமும் எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றார். மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கும் மேலாகச் சாதாரண வலி மாத்திரையை விழுங்கினாலே, அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். மருத்துவ நூல்களில் இருக்கிறது. அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமானால் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

6

இங்கே எப்படி வந்தது இந்த அறுவை? மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். 1952 ஆகஸ்டில் இந்தியாவின் முதல் வலிப்பு அறுவையும் அங்கே நடந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைத் துறையைக் கட்டி எழுப்பினார். பின் ஒரு நீண்ட தேக்கம். 1995இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பொட்டு மடல் அறுவை திட்டமிட்டுத் தொடங்கிய பிறகே இது பலரை எட்டியது.

இந்தக் கதையில் பெருமையோடு சொல்லப்படாத ஓர் அத்தியாயமும் உண்டு. 1960களிலும் 70களிலும் சென்னையில் வி. பாலசுப்பிரமணியமும் ராமமூர்த்தியும் அவர்களது குழுவும், அடங்காதவர்கள், மூர்க்கமானவர்கள் எனப்பட்டவர்களுக்கு மூளையின் ஆழத்தில் அமிக்டலா போன்ற சிறு பகுதிகளைச் சிதைக்கும் அறுவைகளைச் செய்தார்கள். சிறுவர்களும் இருந்தார்கள், வலிப்புள்ளவர்களும் இருந்தார்கள். அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை என்று அதற்குப் பெயர். மருந்தும் மனநலக் காப்பகமும் கைவிட்ட குடும்பங்கள் அவர்களிடம் வந்தன என்பதும் உண்மை. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி எது? ஆள் அடங்கினானா, வீட்டில் வைத்துச் சமாளிக்க முடிகிறதா என்பதே. எத்தனை தடவை என்ற கேள்வியின் பங்காளி இது. இரண்டுக்கும் பதில் சொல்கிறவர் நோயாளி அல்ல, அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

சட்டமும் இதே மொழியில்தான் பேசியது. 1976இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம், பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே தொடரில் வைத்தது. திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவரின் திருமணத்தை ரத்துச் செய்யக் கோரலாம் என்றாயிற்று. 'திரும்பத் திரும்ப' என்ற சொல்லைக் கவனியுங்கள், அங்கேயும் எண்ணிக்கைதான். வலிப்பு என்ற சொல் அதிலிருந்து எடுக்கப்பட்டது 1999இல். இருபத்து மூன்று வருடம் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்திருப்பார்கள்! சட்டம் போனாலும் பானை போகவில்லை என்பதைத்தான் ஓ.பி. வரிசையில் அந்தப் பெண் சொன்னார். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. வலிப்பு அதில் தனி வகையாக இல்லை. வலிப்பு நின்றபின் எஞ்சும் தலைவலிக்கு இடமேது? வலிப்பு இருந்தபோது ஊருக்கு நான் நோயாளி. நின்றபின் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் குடும்பத்துக்கும் நான் 'நார்மல்'. நடுவில் வாரத்துக்கு நாலு நாள் இருட்டறையில் படுத்திருப்பவனுக்குப் பெயரில்லை.

7

மறுபடியும் சொல்கிறேன், அறுவை வேண்டாம் என்பதல்ல வாதம். 2001இல் கனடாவில் 80 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம்; மருந்துப் பிரிவில் 8. மருந்துப் பிரிவில் ஒருவர் இறந்தும் போனார். 2017இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 116 குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் செய்த ஆய்வில் 77க்கு 7. வலிப்பு கொல்லும். தேவைப்படும் பலருக்கு நம் நாட்டில் இந்த அறுவை கிடைப்பதே இல்லை என்பதுதான் பெரிய அநியாயம். அதே டெல்லி ஆய்வில் அறுக்கப்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்புகள் நேர்ந்தன; பெரும்பாலும் ஒருபக்கத் தளர்ச்சி, பலருக்கும் எதிர்பார்த்ததே. அதை மறைக்காமல் எழுதியது அந்த ஆய்வின் நேர்மை. வெற்றியும் விலையும் ஒரே பக்கத்தில் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இயல்பு, நோய் என்ற எதிர்வை 1943லேயே கேள்விக்குள்ளாக்கியவர் ஜார்ஜ் கான்கிலெம், ஃபூக்கோவுக்கு முன்னோடி. இயல்பு என்பது சராசரி அல்ல என்றார் அவர். மாறிய சூழலில் தனக்கான புதிய ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ள ஓர் உயிரால் முடிகிறதா என்பதே ஆரோக்கியம். அப்புறம் இன்னொன்று: மனிதர்கள் தங்களுக்கு நோவு என்று உணர்ந்ததால்தான் மருத்துவம் என்ற ஒன்றே வந்தது, மருத்துவம் வந்து நோவை உண்டாக்கவில்லை. இதை நம் ஓ.பி.க்கு மொழிபெயர்த்தால் மிகச் சாதாரணமாக இருக்கும். எத்தனை தடவை என்பதோடு, எப்படி இருக்கீங்க, எங்கே வலிக்குது, மாத்திரை எத்தனை சாப்பிடுறீங்க, வீட்ல சொல்ல முடியுதா என்று கேட்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கை நடுங்கக் கையெழுத்துப் போடும்முன், மூளைக்கு வலிக்காது என்று சொல்கிறவர், தலை வலிக்கலாம், சிலருக்கு வருஷக்கணக்கில் வலிக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். தெரிந்திருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் வலி வந்த முதல் வருடத்தில், ஆபரேஷன் தோற்றுவிட்டதோ, மறுபடி விழுந்துவிடுவேனோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்திருக்க மாட்டேன்.

எழுத்தாளர்களும் இயக்கத்தினரும் படிக்கிற இதழில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கணக்கேட்டை மாற்றுவது மருத்துவர்களின் வேலை மட்டுமல்ல. எண்ணப்படாததைச் சொல்லாக்குவது நம் வேலை. ஜேம்ஸ் பி. தன் தலையைப் பற்றி ஒரு வரி எழுதிவைத்திருந்தால் அந்த வரலாறு வேறு மாதிரி தொடங்கியிருக்கும்.

போன தடவை ஓ.பி.க்குப் போனபோது ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுபோனேன். ஆறு மாதத் தலைவலி, தேதி போட்டு எழுதியிருந்தது. டாக்டர் ஃபிட்ஸ் வந்துச்சா என்றார். இல்லைங்க என்றேன். பேனாவை எடுத்தார். 'எழுதறதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பாருங்க டாக்டர்' என்று நோட்டை மேசைமேல் வைத்தேன். புரட்டினார். ரொம்ப நேரம் என்று சொல்ல முடியாது, இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு, 'எங்கே வலிக்குது, தொட்டுக் காட்டுங்க' என்றார்.

தொட்டுக் காட்டினேன்.